கடற்கரை வீடுகளில் என்னிடம் கேட்ட கேள்விகள்

இராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறேன். பாம்பனில் பிறந்தவள். அம்மா தீவுகளுக்குப் போய்க் கடல்பாசி எடுத்தார், அப்பா வல்லத்தில் போனார். இரண்டு மாதமாக ஓலைக்குடாவிலிருந்து கீழக்கரை வரை வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொன்ன பதில் பல இடங்களில் பாதியில் நின்றுபோனது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அக்கா, ஜெயித்தால் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?

கரைக்கடலை. கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக் கடலைச் சொல்கிறேன். நம் ஊர்களில் நான் கேட்ட பிரச்சினைகளில் பாதி, அந்தத் தண்ணீரில் மீன் இல்லாமல் போனதால் வந்தவை. கடன், எல்லை தாண்டுவது, பையன்கள் பத்தாம் வகுப்போடு படகு ஏறுவது, விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் முகம் பார்க்காமல் போவது எல்லாமே அங்கேதான் போய் முடிகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சட்டப்படி கை எட்டுகிற கடல் அதுதான். அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் அது ஒன்றிய அரசின் கைக்குப் போகிறது. இராமேஸ்வரம் பக்கத்தில் இலங்கையோடு உள்ள கடல் எல்லைக்கோடே பத்துப் பன்னிரண்டு கடல் மைலில் வந்துவிடுகிறது. அப்படியென்றால் வடகடலில், அதாவது பாக் நீரிணையில், நம் பக்கத்துத் தண்ணீரில் பெரும்பகுதி சென்னையில் முடிவெடுக்கக்கூடிய தண்ணீர். டெல்லிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இலங்கைச் சிறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை மீட்டுத் தருவீர்களா?

தங்கச்சிமடத்தில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: மீட்டுத் தருவேன் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கைதானவர்களை விடுவிப்பது இரண்டு நாட்டு அரசுகளும் தூதரகமும் பேச வேண்டிய வேலை. அதைத் தன் கையால் செய்வேன் என்று சொல்லும் எந்த வேட்பாளரும் உங்களிடம் உண்மை பேசவில்லை.

நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு படகு பிடிபட்டால் அன்றைக்கே அந்தக் குடும்பங்களுக்குத் தகவல் போக வேண்டும். இப்போது பெண்கள் வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படத்தில் தன் வீட்டுக்காரர் முகம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். வழக்குத் தேதி என்ன, வக்கீல் யார், அபராதம் எவ்வளவு என்று தமிழில் விளக்க ஒரு ஆள் தொகுதி அலுவலகத்திலேயே இருப்பார். அரசு தரும் தினப்படி நிவாரணம் தாமதமில்லாமல் கணக்கில் ஏறுகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை.

இன்னொரு விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. விசைப்படகு கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டப்படி தடை செய்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது. அந்தக் கரையில் போருக்குப் பிறகு மறுபடியும் வலை வாங்கிக் கடலுக்கு வந்தவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள்தான். நம் மடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகும்போது அங்கேயும் ஒரு வீட்டில் உலை ஏறாமல் போகிறது. துப்பாக்கியால் சுடுவதற்கோ அடிப்பதற்கோ அது நியாயம் ஆகாது. ஆனால் இந்தப் பக்கத்தை மட்டும் பேசி ஓட்டுக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

கச்சத்தீவு 285 ஏக்கர். 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைப் பக்கம் போனது. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொன்னது. 1976இல் இரு நாடும் கடிதம் மாற்றிக்கொண்டபோது, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று ஆயிற்று. நம் மக்களைக் கேட்காமல் செய்த வேலை அது. அந்த வலி எனக்கும் உண்டு. அந்தோணியார் திருவிழாவுக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன்.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி தீவை மீட்க வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நான் அங்கே இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேன். ஆனால் தீவு நாளைக்கே வந்தாலும், இழுவைமடி போகிற மாதிரியே போனால் அதைச் சுற்றி உள்ள கடலும் பத்து வருடத்தில் நம் கரைக்கடல் மாதிரி ஆகிவிடும். பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். அடியில் கடற்புல்லும் சேறும். இரும்புப் பலகை கட்டி இழுக்கிற மடி அதை உழுதுபோட்டுவிடுகிறது. குஞ்சு இறாலும் குஞ்சு நண்டும் வளர்கிற இடமே அந்தப் புல்தான்.

அப்படியானால் விசைப்படகுக்கு எதிரானவரா நீங்கள்?

இல்லை. என் அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போனவர். ஒரு படகை நம்பி உரிமையாளர், டிரைவர், நாலைந்து ஆள், ஐஸ் கம்பெனி, ஏலக்காரர், சங்காயம் என்ற கழிவுமீனைக் காயப்போடும் பெண்கள் என்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. படகை நிறுத்து என்று மட்டும் சொன்னால் அந்த வீடுகளுக்கு என்ன பதில்?

படகு மாற வேண்டும், மாறுவதற்குப் பணமும் காலமும் தர வேண்டும் என்பதுதான் என் நிலை. 2017இல் இதற்கென்றே ஒரு திட்டம் வந்தது. இழுவைப்படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு படகு 80 லட்சம். ஒன்றிய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீதி வங்கிக் கடனும் கைப்பணமும். மூன்று ஆண்டில் 2,000 படகு என்று சொன்னார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை.

ஏன் என்று படகுக்காரர்களிடமே கேட்டேன். நம் ஆட்கள் சாயங்காலம் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகியவர்கள். சூரைக்கு இரண்டு மூன்று வாரம் கடலிலேயே கிடக்க வேண்டும். பெரிய படகு வடகடலில் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பக்கம் மூக்கையூரில் துறைமுகம் இருக்கிறது. ஆனால் இராமேஸ்வரத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அது வேற்றூர். பிடித்த சூரையை யார் வாங்குவார், என்ன விலைக்கு என்பதும் தெரியாது. இத்தனையும் தெரியாமல் எவர் 80 லட்சத்தில் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே நான் சட்டமன்றத்தில் கேட்கப்போவது இவை. மாற விரும்பும் உரிமையாளரின் பழைய வங்கிக் கடனையும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தையும் திட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். கூலி ஆட்களுக்கு ஆழ்கடல் தூண்டில் பயிற்சி தர வேண்டும், பயிற்சி நாட்களுக்குச் சம்பளத்தோடு. ஆழ்கடலுக்குப் போக மாட்டேன் என்பவருக்குப் படகை அரசு விலைக்கு வாங்கிக்கொண்டு, நண்டு வலைக்கோ கணவாய்த் தூண்டிலுக்கோ மாற வழி செய்ய வேண்டும். ஒரே அளவுச் சட்டையை எல்லோருக்கும் மாட்டியதால்தான் அந்தத் திட்டம் நின்றது என்று நினைக்கிறேன்.

அதுவரைக்கும் இருக்கிற விதியாவது நடக்க வேண்டும். கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடி தடை செய்யப்பட்டது. இரண்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலையில் கரையில் வந்து விழும் குஞ்சு மீனைப் பார்த்தாலே, இரவு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். எந்தப் படகின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மாதாமாதம் மீன் இறங்கும் இடத்தில் பலகையில் எழுதிப்போட வைப்பேன்.

பாசி எடுக்கும் பெண்களுக்கு என்ன செய்வீர்கள்?

இதைக் கேட்டவர்கள் குறைவு, ஆனால் இதற்காகத்தான் நான் அரசியலுக்கே வந்தேன்.

சின்னப்பாலம், பாம்பன், வேதாளை, களிமண்குண்டு பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி போட்டு, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கி முங்குவார்கள். அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே இருக்காது. பாறை அதைத் தேய்த்துவிட்டிருந்தது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைக்கும் காலம் வந்தபோது அந்தக் கையோடு அவர் பட்ட பாடு தனிக்கதை.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. காவல் தேவைதான். ஆனால் பாறையை வெட்டியவர்கள் இந்தப் பெண்கள் இல்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் போல மட்டும் போவது, மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் தாங்களாகவே நிறுத்துவது, வேரைப் பிடுங்காமல் மேலே மட்டும் கிள்ளுவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற உலக விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். விருது வாங்கிய ஊரின் பெண்களே தீவுப் பக்கம் போகும்போது படகைப் பறிப்பார்களோ, கண்ணாடியைப் பிடுங்குவார்களோ என்று பயந்து போகிறார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. கடல்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக எல்லை வகுக்கும்போது, உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்த பிறகே வகுக்க வேண்டும் என்கிறது அது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் தேசியப் பூங்காக்களுக்குப் பொருந்தும். மூன்று தலைமுறையாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மீன் முதலிய நீர்ப்பொருள் எடுக்கும் உரிமையை அது ஏற்கிறது. இந்த இரண்டையும் வைத்து, பாசி எடுக்கும் பெண்களின் பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் முடிவு செய்து, எந்தத் தீவு, எந்த மாதம், எத்தனை நாள் என்று எழுத்தில் உரிமை வாங்கித் தருவதுதான் என் முதல் ஆண்டு வேலை.

வளமாவூரில் கடல்பாசிப் பூங்கா வருகிறதே, அதில் வேலை கிடைக்காதா?

தொண்டிப் பக்கம் சுமார் 127 கோடி ரூபாயில் திட்டமிட்ட பூங்கா அது. 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல திட்டமாக நடக்கலாம். இரண்டு விஷயத்தில் கவனமாக இருப்பேன். மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் வெளியூர்ப் பாசி. குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது ஏறிப் படர்ந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதைத் தென்கடலின் பவளப் பக்கம் விடக் கூடாது. அப்புறம், நாற்றுக்கும் விற்பனைக்கும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கும் நிலை வந்தால் பெண்கள் மறுபடியும் கூலிக்காரர்கள்தான். கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் மிதவை இருக்க வேண்டும்.

தடைக்கால நிவாரணம் போதவில்லை.

விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது. மண்டபத்தில் 2023இல் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு. கூட்டச் சொல்லிக் கேட்பேன். அதைவிட எனக்கு முக்கியம், தடைக்காலம் முடியும் தறுவாயில் வராமல் முதல் வாரத்திலேயே கணக்கில் ஏறுவது. பள்ளி திறக்கும் நேரத்துக்கு வட்டிக்கு வாங்கிய பிறகு வரும் பணம் வட்டிக்காரருக்குத்தான் போகிறது. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண் ஆகியோரில் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சேர்க்க வேண்டும்.

குடிதண்ணீர்?

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கம் ஏறும் தண்ணீர் நமக்கு வருகிறது. நாம் குழாயின் கடைமடை. வழியில் எங்கே உடைந்தாலும் முதலில் காய்வது நம் குடம்தான். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் மொண்டு ஊற்றிய வேலை நம் அம்மாக்களோடு முடிந்திருக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று எழுதி ஒட்ட வேண்டும். வராத நாளுக்குக் காசு வாங்காமல் லாரி வர வேண்டும்.

நாற்பது வருடமாகக் குடியிருக்கிறோம், பட்டா இல்லையே?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இல் வந்தபோதே, மீனவக் குடியிருப்புகளின் நீண்டகால வீட்டுத் தேவையைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று சொன்னது. வரைபடத்தில் உங்கள் ஊர் இல்லையென்றால், நாளை ஒரு விடுதிக்கு இடம் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. ஊர்க்கமிட்டிகள் தங்கள் ஊர் எல்லை, வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் இடம், சுடுகாடு எல்லாவற்றையும் வரைந்து கிராம சபையில் தீர்மானம் போட்டு வைக்கச் சொல்கிறேன். ஓட்டுப் போடும் முன்பே இதைத் தொடங்கலாம். உதவிக்கு வருகிறேன்.

கடலில் காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு ஏதாவது சொல்லுங்கள்.

என் சித்தப்பா வாடைக்காற்று மாதத்தில் போனவர், வரவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்று இல்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டம். அந்த ஏழு வருடமும் சித்தி பொட்டும் வைக்க முடியாமல், அழிக்கவும் மனமில்லாமல், ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு நடந்தார். பாஸ்புக்கில் இருந்த கொஞ்சப் பணத்தைக்கூட எடுக்க முடியவில்லை. பையன் படிப்பை விட்டான்.

கடல் விபத்தில் தேடுதல் முடிந்து, மீன்வளத் துறையும் கடலோரக் காவலும் ஊர்க்கமிட்டியும் சேர்ந்து அறிக்கை கொடுத்தால், சில மாதங்களிலேயே நிவாரணமும் குடும்பத்துக்கான உரிமைகளும் கிடைக்க மாநில அரசு விதி செய்ய வேண்டும். இதற்குத் தனிநபர் மசோதா கொண்டுவருவேன். அது தோற்றாலும் விவாதம் அவைக்குறிப்பில் ஏறும். அடுத்து வருபவர் அதிலிருந்து தொடங்கலாம்.

சேது சமுத்திரத் திட்டம்?

கடலைத் தோண்டிக் கப்பல் வழி அமைக்கும் திட்டம் அது. 2005இல் தொடங்கி, நீதிமன்றத்தில் நின்றது. 2023 ஜனவரியில் சட்டமன்றம் அதை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டது. நான் அதை ஆதரிக்க மாட்டேன். எனக்கு இது மதப் பிரச்சினை இல்லை. இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் தோண்டிய சேற்றை எங்கே கொட்டினாலும் அது கடற்புல்லின் மேல்தான் படியும். ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிற புல்லும் அதுவே, நம் நண்டு வளர்கிற புல்லும் அதுவே.

ஆஸ்பத்திரி?

இராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய காரியம். ஆனால் தீவிலிருந்து அது 55 கிலோமீட்டர். பிரசவ வலி எடுத்தவருக்கும் நெஞ்சுவலிக்காரருக்கும் அந்தத் தூரம் நீளம். இராமேஸ்வரத்திலேயே 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்க வேண்டும்.

234 பேரில் ஒரு சுயேச்சை என்ன கிழித்துவிட முடியும்?

கோபமாகக் கேட்டார் ஒரு அண்ணன், நியாயமான கோபம்தான். சட்டமன்ற உறுப்பினர் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். மீன்வளத் துறை மானியக் கோரிக்கையின்போது பேசலாம். அவையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்களா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. நான் கேட்டு வாங்கப்போகும் குழு அதுதான். நம் கடற்கரைக்குப் புது வாக்குறுதி வேண்டியதில்லை, பழையதே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

தொகுதி நிதியை என்ன செய்வீர்கள்?

ஆண்டுக்கு 3 கோடி. தொகுதியின் அளவுக்கு அது சின்னத் தொகை. மீன் ஏலம் நடக்கும் இடங்களில் பெண்களுக்குக் கூரை, கழிப்பறை, தண்ணீர், கருவாடு காயவைக்கும் மேடை, இருட்டான இறங்குதளங்களில் விளக்கு. அலங்கார வளைவுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. எந்த ஊருக்கு எவ்வளவு என்பது ஊர்க்கூட்டத்தில் முடிவாகும்.

ஓட்டுக்கு எவ்வளவு தருவீர்கள்?

ஒன்றும் தர மாட்டேன். டெபாசிட் 10,000 ரூபாய். என் பெரியம்மா மகள்கள் சங்கச் சேமிப்பிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வேட்பாளர் செலவு செய்ய உச்சவரம்பு 40 லட்சம். என் செலவு அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. செலவுக் கணக்கை வாரம் ஒருமுறை பாம்பனில் என் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டுகிறேன், பேருந்துக் காசு உட்பட.

உங்களை எங்கே பார்க்கலாம்?

காலை ஏலம் முடியும் வரை ஏதாவது ஒரு கரையில் இருப்பேன். விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களில் இராமேஸ்வரம், மண்டபம் பக்கம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கீழக்கரையும் பெரியபட்டினமும். பாசிக்குப் போகாத நாட்களில் சாயங்காலம் சின்னப்பாலம். நான் வரும்போது நீங்கள் கடலில் இருந்தால், கேள்வியை வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.